ஒரு நாள் பிந்திய பதக்கம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் பிறகு வாசியுங்கள். வாசிக்காமல் கொமென்ட் மட்டும் போடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு வயோதிபரின் படம் நம்மவர்களின் பக்கங்களில் சில நாட்களாகச் சுற்றுகிறது. "முதலாம் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்காகப் போராடிய கடைசி செனகல் முஸ்லிம் வீரர் அப்துலாய் என்ஜாய். பிரான்ஸின் அதியுயர் விருதைப் பெற்றார். மாஷா அல்லாஹ்!" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். கீழே நூற்றுக்கணக்கில் லைக்கும் இதயமும்.

அவர் அந்த விருதைப் பெறவில்லை.

செனகலின் தலைநகர் டக்காருக்கு வடக்கே தியோவோர் என்று ஒரு கிராமம். அவருடைய ஊர் அதுதான். 1998 நவம்பர் 11, யுத்தம் முடிந்த 80ஆவது ஆண்டு நிறைவு. அன்றைக்கு அவருடைய மார்பில் லெஜியன் தொனர் பதக்கத்தைக் குத்துவதாக ஏற்பாடு. நவம்பர் 10 அன்று அவர் வபாத்தாகிவிட்டார். நூறு வயதைத் தாண்டிய மனிதர். யுத்தம் முடிந்து எண்பது வருடம் பதக்கத்துக்கு வழி தெரியவில்லை, வழி தெரிந்து புறப்பட்டபோது ஜனாஸா முந்திக்கொண்டது. (சிவாஜி கணேசனுக்குக் கொடுத்த செவாலியே கலைக்கான விருது. இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.)

ஆகவே அந்தப் போஸ்டைச் செய்த தம்பிக்கு முதல் வேண்டுகோள்: "பெற்றார்" என்பதை "பெறவிருந்தார்" என்று மாற்றுங்கள். ஒரு சொல்தான், ஆனால் கதை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். அந்தப் படத்தின் கீழே இரண்டு கூட்டம் நிற்கிறது. ஒரு கூட்டம், "பாருங்கள், வெள்ளைக்காரன் கூட முஸ்லிமின் தியாகத்தை மதிக்கிறான்" என்கிறது. மற்றக் கூட்டம், "காபிர்களுக்காக கலீபாவுக்கு எதிராகத் துவக்குத் தூக்கியவனுக்கு ஏன் துஆ?" என்கிறது. எனக்கு இரண்டு பேரோடும் கோபம். இரண்டாவது கூட்டத்தோடு முதலில் பேசுகிறேன், ஏனென்றால் அவர்கள் கேட்பதில் ஒரு விஷயம் உண்மை.

ஆமாம், அவர் தர்தனல்ஸில் உஸ்மானியப் படைக்கு எதிரே நிறுத்தப்பட்டவர். 1915 ஏப்ரல் 25 அன்று ஆங்கிலேயரும் அவுஸ்திரேலியரும் கலிபோலிக் கரையில் இறங்கிய அதே நாள், எதிர்க்கரையில் கும்கலே என்ற இடத்தில் பிரான்ஸ் இறக்கிய படையில் செனகல் வீரர்களும் இருந்தார்கள். அந்தப் பக்கமும் கலிமா சொன்னவன், இந்தப் பக்கமும் கலிமா சொன்னவன். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அவரை யார் கொண்டுபோனது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நீதி?

செனகலில் அன்று இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். செயின்ட் லூயி, கோரே, ரூபிஸ்க், டக்கார் என்ற நான்கு நகரங்களில் பிறந்தவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. 1914இல் அவர்கள் பிளேஸ் ஜாங் என்ற கறுப்பினத்தவரைப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். அந்த நகரங்களுக்கு வெளியே பிறந்த எல்லோரும் "பிரஜைகள்" அல்ல, "ஆளப்படுபவர்கள்". அவர்களுக்குத் தனிச் சட்டம். வெள்ளை அதிகாரி விசாரணையில்லாமல் தண்டிக்கலாம், கட்டாய வேலைக்குப் பிடிக்கலாம். தியோவோர்க்காரர் இந்த இரண்டாவது வகை.

இந்த இரண்டாவது வகை மக்களிடமிருந்துதான் படைக்கு ஆள் எடுத்தார்கள். மான்ஜான் என்ற பிரெஞ்சு அதிகாரி 1910இல் "கறுப்புப் படை" என்று ஒரு புத்தகமே எழுதினார். பிரான்ஸில் பிள்ளை பிறப்புக் குறைந்துவிட்டது, ஆபிரிக்காவில் ஆள் இருக்கிறது, எடுத்துக்கொள்வோம் என்பதுதான் சாரம். இந்த இனத்தவருக்கு நரம்பு உணர்ச்சி குறைவு, வலி அவ்வளவாகத் தெரியாது என்றும் அதில் ஒரு கண்டுபிடிப்பு! ஒவ்வொரு ஊர்த் தலைவனும் இத்தனை பேர் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. இளைஞர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், எல்லை தாண்டி ஆங்கிலேயரின் காம்பியாவுக்கும் போர்த்துக்கேயரின் கினியாவுக்கும் ஓடினார்கள். ஓடினவனுடைய வீட்டாரைப் பிடித்து வைத்தார்கள். 1915 கடைசியில் இன்றைய புர்கினா பாசோ, மாலிப் பக்கத்தில் கிராமம் கிராமமாக மக்கள் எழுந்து நின்று சண்டை பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரன் பீரங்கி கொண்டுவந்துதான் அதை அடக்கினான். மேற்கு ஆபிரிக்காவின் ஆளுநர் நாயகமாக இருந்த வான் வொலன்ஹோவனே, இனிமேலும் இப்படி ஆள் பிடித்தால் நாடு தாங்காது என்று சொல்லி 1918 ஜனவரியில் பதவியை விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போய், அதே வருடம் ஜூலையில் அங்கே செத்தார். ஒரு காலனித்துவ அதிகாரிக்கு விளங்கியது, இன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்வா கொடுக்கும் நம்மவருக்கு விளங்கவில்லை.

"அப்படியென்றால் கலீபாவின் ஜிஹாத் அழைப்பு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1914 நவம்பரில் இஸ்தான்பூலில் ஷைகுல் இஸ்லாம் அதை வாசித்தார். அப்போது அந்த அரசு யாருடைய கூட்டாளி? ஜேர்மன் கைசருடைய கூட்டாளி. ஜேர்மன்காரன் பேர்லினுக்குப் பக்கத்தில் வூன்ஸ்டோர்பில் முஸ்லிம் கைதிகளுக்கென்று தனி முகாம் வைத்து, 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தான். தொழுகைக்கு மட்டுமா கட்டினான்? கைதியின் மனதை மாற்றி மறுபக்கத்துக்கு அனுப்புவதற்கு. இந்தப் பக்கம் செனகலின் பெரிய மார்க்கத் தலைவர்களில் சிலரே பிரான்ஸின் ஆள் சேர்ப்புக்கு ஆதரவாகப் பேசினார்கள். இரண்டு சாம்ராஜ்யமும் மார்க்கத்தைக் கயிறாகத்தான் பாவித்தது. இரண்டு பக்கக் கயிறும் கழுத்தில் விழுந்த ஒரு கிராமத்துப் பொடியனைப் பார்த்து, நீ ஏன் சரியான கயிற்றைத் தெரிவு செய்யவில்லை என்று கேட்கிறீர்கள்.

அவர் சொம் ஆற்றங்கரையிலும் சண்டை பிடித்துக் காயப்பட்டவர். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அந்த யுத்தத்துக்கு எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர். அதில் சுமார் 30,000 பேர் திரும்பி வரவில்லை. குளிர் தாங்காததால் மாரி வந்தால் அவர்களைப் போர்முனையிலிருந்து எடுத்து, பிரான்ஸின் தென்கரையில் ப்ரெஜுஸ் என்ற ஊர் முகாம்களில் வைப்பார்கள். வெயில் வந்ததும் திரும்ப அனுப்புவார்கள்.

இந்த ப்ரெஜுஸில் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒரு வாத்தியாராக எனக்கு இந்தக் கதையில் மிகவும் எரிகிற இடம் இதுதான், குண்டு விழுந்த இடம் அல்ல.

1916இல் பிரெஞ்சு இராணுவத்தின் பாவனைக்காக ஒரு சிறிய கைந்நூல் அச்சிட்டார்கள். செனகல் வீரர்கள் பேசுகிற பிரெஞ்சு மொழி என்பது அதன் தலைப்பு. பெயரைப் பார்த்தால் ஏதோ மொழியியல் ஆய்வு போலிருக்கும். உள்ளே இருப்பது என்ன தெரியுமா? வீரர்களுக்கு எப்படிப் பிழையான பிரெஞ்சு படிப்பிப்பது என்று அதிகாரிகளுக்கு வழிகாட்டல். வினைச்சொல்லைக் காலம் காட்டி மாற்றாதே, ஆண்பால் பெண்பால் வேண்டாம், முழு வசனம் வேண்டாம், உடைத்துச் சொல், அதையே திரும்பச் சொல்ல வை. நம்முடைய மொழியில் நினைத்துப் பாருங்கள். தமிழ் படிக்க வந்த ஒரு சிங்களப் பிள்ளைக்கு, "நான் நேற்றுப் போனேன்" என்று சொல்லிக் கொடுக்காமல், "நான் நேற்றுப் போ" என்று சொல்லிக் கொடுத்து, அதையே பாடமாக்க வைத்து, பிறகு ஊர்ச் சந்தியில் நிறுத்தி, "பார், இவனுக்குத் தமிழ் வராது" என்று சிரிப்பது. அதைத்தான் செய்தார்கள்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த முதல் விஷயங்களில் ஒன்று, பிள்ளை விடும் பிழையைப் பிழையென்று காட்டாமல் சரியான வடிவத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது. இங்கே ஒரு அரசாங்கம் சரியைத் தெரிந்துகொண்டே பிழையைப் பாடத்திட்டமாக்கியிருக்கிறது. கட்டளையைக் கேட்டுச் சுடுமளவுக்கு மொழி போதும், கேள்வி கேட்குமளவுக்குத் தேவையில்லை.

அதே காலத்தில்தான், 1915இல், பனானியா என்ற காலைப் பானத்தின் விளம்பரப் படம் வருகிறது. சிவப்புத் தொப்பி போட்ட செனகல் சிப்பாய் கரண்டியோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறான், கீழே அந்த உடைந்த பிரெஞ்சில் ஒரு வசனம். படிப்பித்ததும் அவர்கள், பரிகசித்ததும் அவர்கள், அதை வைத்துப் பானம் விற்றதும் அவர்கள். அந்தப் படம் பிரான்ஸின் சாப்பாட்டு மேசைகளில் பல தசாப்தங்கள் இருந்தது.

ஒரு நல்ல மனுசியும் இந்தக் கதையில் உண்டு, சொல்லாமல் போனால் அநியாயம். லூசி குஸ்தூரியே என்ற ஓவியர். ப்ரெஜுஸ் முகாமுக்குப் பக்கத்தில் அவருடைய வீடு. முதலில் இந்தச் சிப்பாய்களுக்குப் பயந்தவர்தான். பிறகு அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து, ஒழுங்கான பிரெஞ்சு எழுத வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1920இல் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். தங்களுக்கு முகாமில் படிப்பிப்பது பகிடிக்குரிய பாஷை என்று அந்த வீரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதை அந்தப் புத்தகத்திலிருந்துதான் நாம் அறிகிறோம். தெரிந்துகொண்டுதான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். "அறியாமல் போன அப்பாவிகள்" என்று அனுதாபப்படுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

இப்போது முதல் கூட்டம். "மதிக்கிறான் பாருங்கள்" கூட்டம்.

மதிப்பு என்றால் என்ன என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நமக்குத் தெரியாத விஷயமா இது? ஆசிரியர் தினத்தில் மாலை போடுகிறவர்களே சம்பள முரண்பாட்டைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்புவதை நாம் பார்க்கவில்லையா?

1946இல்தான், லமீன் கேய் என்ற செனகல்காரரின் பெயரால் அறியப்படும் சட்டத்தின் மூலம், காலனிகளின் மக்கள் எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். என்ஜாய்க்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். சரி, பிந்தினாலும் வந்ததே என்று நினைப்போம். 1959 டிசம்பரில், ஆபிரிக்க நாடுகள் சுதந்திரம் பெறப் போகின்றன என்று தெரிந்ததும், பிரெஞ்சு நிதிச் சட்டத்தில் 71ஆம் பிரிவு என்று ஒன்றை நுழைத்தார்கள். சுதந்திரம் பெறும் நாடுகளைச் சேர்ந்த பழைய படைவீரர்களின் பென்சன் அன்றைய தொகையிலேயே நிற்கும். பிரான்ஸில் விலைவாசி கூடினால் பிரெஞ்சுக்காரனுக்குப் பென்சன் கூடும், செனகல்காரனுக்குக் கூடாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் "பளிங்காக்கல்". பளிங்கு! தண்ணீர் உறைந்து பளிங்காவது போல ஒரு மனிதனுடைய உழைப்பின் கணக்கை உறையவைப்பதற்கு எவ்வளவு அழகான சொல் பாருங்கள். அரசாங்கங்கள் அழகான சொல் பாவித்தால் உடனே சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் குடியுரிமை, பிறகு பளிங்கு. 1998இல் பதக்கம் தியோவோருக்குப் புறப்பட்ட அன்றும் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஒரு கையால் மார்பில் குத்துவதற்குப் பதக்கத்தை எடுக்கிற அரசாங்கம், மற்றக் கையால் பென்சனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பதக்கத்துக்கு ஒரு துண்டு நாடாவும் கொஞ்ச உலோகமும் போதும், பென்சனுக்கு மாதாமாதம் காசு வேண்டும். எண்பது வருடம் கழித்து, ஒரேயொருவர் மிஞ்சியிருக்கும்போது கொடுக்கிற மரியாதையைப் போல மலிவான மரியாதை உலகத்தில் இல்லை.

"ஸேர், செனகலில் சாமான் விலை குறைவுதானே, அங்கே அவ்வளவு காசு எதற்கு?" என்று ஒரு பட்டதாரித் தம்பி கேட்டார். இந்த வாதத்தைப் பிரான்ஸும் சொன்னது. 1985இல் இப்ராஹிமா கேய் என்பவரும் அவரோடு 742 செனகல் ஓய்வுபெற்ற வீரர்களும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். 743 கிழவர்கள், நினைத்துப் பாருங்கள். 1989 ஏப்ரலில் குழு பதில் சொன்னது. அந்தப் பதிலில் ஒரு இடம் எனக்குக் கணக்குப் பாடம் போல இருக்கும். ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரன் ஒருவன் செனகலிலேயே வந்து குடியிருந்தால் அவனுக்கு என்ன பென்சன்? முழுப் பென்சன். அவனும் அதே சந்தையில்தான் மீன் வாங்குகிறான், அதே விலைதான் கொடுக்கிறான். அப்படியென்றால் விலைவாசி அல்ல காரணம், கடவுச்சீட்டுத்தான் காரணம். ஆட்களை அடையாளம் காண்பது கடினம், மோசடி நடக்கலாம் என்றும் பிரான்ஸ் சொல்லிப் பார்த்தது. நிர்வாகச் சிரமம் பாகுபாட்டுக்குக் காரணமாகாது என்று குழு அதையும் தள்ளியது. இவர்கள் நாட்டுக்காகவா சேவை செய்தார்கள், சேவைக்குத்தானே பென்சன், சேவை ஒரேமாதிரியானதுதானே என்பதுதான் அதன் நேரான விளக்கம்.

தீர்ப்பு வந்ததே, காசு வந்ததா? இல்லை. அமாது ஜோப் என்ற சார்ஜன்ட் 1937இலிருந்து 1959 வரை பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவருடைய வழக்கில் 2001 நவம்பர் 30 அன்று பிரான்ஸின் அதியுயர் நிர்வாக நீதிமன்றமே இது பாகுபாடு என்று சொல்லிவிட்டது. உடனே சரிசெய்தார்களா? அடுத்த வருடம் புதுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நாட்டின் வாங்கும் சக்தியைப் பார்த்துக் கணக்குப் போடுவார்களாம். தம்பி கேட்ட அதே கேள்வி, சட்டமாகவே வந்துவிட்டது.

பிறகு 2006இல் ஒரு சினிமா வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்காகப் போராடிய வட ஆபிரிக்க வீரர்களைப் பற்றியது, ரஷீத் புஷாரெப் எடுத்தது. ஜனாதிபதி சிராக் படத்தைப் பார்த்து மனம் உருகினார் என்று பத்திரிகைகள் எழுதின. 2007 ஜனவரியிலிருந்து சில கொடுப்பனவுகள் சமமாக்கப்பட்டன. மிச்சத்துக்கு 2010 மே மாதம் அரசியலமைப்புச் சபை தலையிட வேண்டியிருந்தது. ஐ.நா. குழு சொன்னபோது உருகாத மனம், நீதிமன்றம் சொன்னபோது உருகாத மனம், தியேட்டரில் உருகியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதா, வெட்கப்படுவதா?

காசு கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு இன்னொரு இடமும் உண்டு. தியாரோய், டக்காருக்குப் பக்கம். ஜேர்மன்காரனிடம் கைதியாக இருந்து மீண்ட ஆபிரிக்க வீரர்கள் 1944 நவம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். வரவேண்டிய நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். டிசம்பர் 1 விடியற்காலை பிரெஞ்சு இராணுவமே அவர்களைச் சுட்டது. உத்தியோகபூர்வக் கணக்கு 35 பேர். அந்தக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை, எண்ணிக்கை பல மடங்கு என்கிறார்கள். சுடப்பட்டவர்களின் தோழர்கள் 34 பேரைக் கலகக்காரர் என்று சிறைக்கும் அனுப்பினார்கள். "படுகொலை" என்ற சொல்லைப் பிரான்ஸின் ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில். எண்பது வருடம். இந்த எண்பதில் அவர்களுக்கு என்ன பரக்கத்தோ தெரியவில்லை.

"சேர், இது ஆபிரிக்காக் கதை, நமக்கேன்?" என்பவர்களுக்கு நம்முடைய ஊர்க் கதை ஒன்று. பிரித்தானியர் காலத்தில் இலங்கையிலும் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் பொப்பிப் பூ விற்பார்கள். சேர்ந்த காசில் பெரும்பங்கு பிரித்தானிய வீரர்களுக்குப் போனது. இங்கே ஊனமாகி, வேலையில்லாமல் இருந்த இலங்கை வீரனுக்கு மிச்சம்மீதி. ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் அதற்குப் போட்டியாகப் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினார். சூரிய மல் இயக்கம் என்று பெயர். 1933இலிருந்து டொரீன் யங் போன்ற இடதுசாரிகள் அதைக் கையிலெடுத்து, யுத்தத்துக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிரான இயக்கமாகவே மாற்றினார்கள். சின்ன வயதில் இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்து ஊதினோமே, அதே பூவரசுதான். வீரனை நினைக்கிறோம் என்று சொல்லிச் சேர்த்த காசு எந்த வீரனுக்குப் போகிறது என்று இந்த மண்ணில் தொண்ணூறு வருடத்துக்கு முதலே கேட்டிருக்கிறார்கள். நாம்தான் மறந்துவிட்டுப் படத்துக்கு இதயம் போடுகிறோம்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை. இந்தப் படத்தை நம்மவர்கள் இவ்வளவு ஆசையாகப் பகிர்வதற்கு உண்மைக் காரணம் செனகல் அல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். இராணுவத்தில் உயிர் கொடுத்த முஸ்லிம்களின் பெயர்களைத் தேடித் தேடிப் பட்டியல் போடுவது. நாங்களும் இரத்தம் சிந்தினோம், எங்களையும் நம்புங்கள் என்று காட்டுவது. அந்த நாட்களின் பயம் எனக்கும் தெரியும், என் வீட்டிலும் இருந்தது. பட்டியல் போட்டவர்களைப் பழிக்கவில்லை. ஆனால் செத்த மனிதனை நற்சான்றிதழாகப் பாவிக்கும்போது, அவனுடைய பென்சன், அவனுடைய மனைவி பிள்ளை, அவனைப் பிடித்துக்கொண்டுபோன சட்டம் எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. பெயரும் மார்க்கமும் மட்டும் மிஞ்சுகிறது. குடிமகன் என்பதற்கு அடையாள அட்டை இருக்கிறது, வாக்குச்சீட்டு இருக்கிறது. இரத்தம் காட்டித்தான் நம்பிக்கை வாங்க வேண்டுமென்று ஒருவன் கேட்டால், அந்தக் கேள்வியே பிழை. செனகல்காரன் அந்தக் கேள்விக்குச் சுமார் 30,000 உயிரால் பதில் சொன்னான். அப்படியும் 1959இல் என்ன நடந்தது என்று மேலே பார்த்தீர்கள்.

தரம் 11 பிள்ளைகளுக்கு உலக யுத்தம் படிப்பிக்கும்போது பாடத்தில் நாடுகளும் ஒப்பந்தங்களும் வரும், இந்த மனிதர் வரமாட்டார். நான் ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்வதுண்டு. பதக்கத்தில் தொடங்குவதில்லை, பென்சனில் தொடங்குவேன். பிள்ளைகள் உடனே கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்ப அந்தக் காசை பிறகு சேத்துக் குடுத்தாங்களா சேர்?" பெரியவர்கள் யாரும் இதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை.

என்ஜாய்க்கு எதையும் யாரும் சேர்த்துக் கொடுக்கவில்லை. அவர் போனபின் வந்தவர்களில், இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்ஸுக்காகச் சண்டை பிடித்த சில செனகல் கிழவர்கள், பரிஸுக்கு வெளியே பொண்டி என்ற இடத்தில் சிறு அறைகளில் தனியாக வாழ்ந்தார்கள். மனைவி பிள்ளைகள் செனகலில். ஊருக்குப் போய் இருக்க முடியாது, ஏனென்றால் வருடத்தில் பாதிக்கு மேல் பிரான்ஸில் தங்காவிட்டால் அவர்களுடைய முதுமைக் கொடுப்பனவு நின்றுவிடும். அந்த விதியை அவர்களுக்காகத் தளர்த்தியது 2023இல். அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் ஒன்பது பேர் ஊர் திரும்பினார்கள். ஒன்பது பேர்.